பல்வலியும் கோட்டு மாமாவும்

என் மூதூர்க்காரிக்கு,

எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் இந்த முறை காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. அணில்கள் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. என் வீட்டுக்காரர் யாரோ சொன்னதைக் கேட்டு, அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய சீடிகளை எல்லாம் நூலில் கட்டிக் கிளைகளில் தொங்கவிட்டார். வெயிலில் அவை மினுங்க, அணில் பயந்து ஓடிவிடுமாம். எந்த அணிலும் ஓடவில்லை. சீடிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து ஆறுதலாகத் தின்கிறது. நேற்றுக் காலையில் உடுப்புக் காயப்போடப் போன என் முகத்துக்கு நேரே ஒரு சீடி சுழன்று வந்து நின்றது. அதில் கறுப்பு மார்க்கர் பேனையால் உன் எழுத்து. "கோட்டு மாமாவின் சொத்து. தொட்டால் கை முறியும்."

ஈர உடுப்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியிலேயே நின்றேன். நீ போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. உன் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை, பார்த்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். இந்த எழுத்துத்தான் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கேட்டுக் கேள்வியில்லாமல் என் சாமானில் கை வைத்ததற்கு நன்றாக ஏசினேன். பாவம் மனிசன், அவருக்குக் கோட்டு மாமாவை எங்கே தெரியும்.

இறங்குதுறைக்குப் போகிற வீதியில் நாங்கள் இருவரும் வேலை செய்த கொமியூனிகேஷன் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்குள் பலகை அடித்த இரண்டு டெலிபோன் பெட்டிகள், மூச்சு வாங்கி வாங்கி ஓடுகிற ஒரு போட்டோகொப்பி மெசின், கடிதம் டைப் பண்ண ஒரு கொம்பியூட்டர். முதலாளி கனடாவில் இருந்த மகனிடம் போகும்போது சாவியை எங்களிடம் தந்துவிட்டுப் போனார். நான் காளி கோயிலடியில் இருந்து நடந்து வருவேன். நீ கடலுக்கு அந்தப் பக்கம் மூதூரில் இருந்து வந்து டவுனில் உன் சாச்சி வீட்டில் தங்கியிருந்தாய். கணக்கியல் பரீட்சைக்கு இங்கேதான் வகுப்பு இருந்தது. அந்தப் பரீட்சையை முடித்து ஏதாவதொரு கந்தோரில் கணக்காளர் கதிரையில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர உனக்கு அந்த வயதில் வேறு ஆசையே இருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கனடாவையும் லண்டனையும் கனவு கண்டுகொண்டிருந்தபோது நீ ஒரு கதிரையைக் கனவு கண்டாய். நான் அதைச் சொல்லி உன்னைப் பகிடி பண்ணுவேன்.

ஆனால் உன் உம்மா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். டவுனில் கொஞ்சம் குழப்பம் என்றாலும் படிப்பை விட்டுவிட்டு அடுத்த லோஞ்ச் படகில் வந்துவிட வேண்டும். வந்தால் பிறகு திரும்பி அனுப்ப மாட்டார். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாப்பா மௌத்தான பிறகு அந்த மனிசிக்கு இருந்தது நீ ஒருத்திதான். அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. டவுனிலோ கொஞ்சம் குழப்பம் இல்லாத கிழமையே அந்தப் போர்க் காலத்தில் இருக்கவில்லை.

கொம்பியூட்டர் வாங்கிய பெட்டிக்குள் இருந்தே அந்தச் சீடி வந்தது. கப்பல் கம்பனி நடத்துகிற விளையாட்டு. ஒரு கடல், அதைச் சுற்றித் துறைமுகங்கள், நாங்கள் வாங்கி ஓடவிடுகிற கப்பல்கள். கப்பலை ஒழுங்காக ஓட்டினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். அது கப்பல் விளையாட்டே இல்லை, பங்குதாரரைச் சமாளிக்கிற விளையாட்டு என்பது தோற்றுத் தோற்றுத்தான் விளங்கியது. திரையின் மேல் மூலையில் கோட்டும் டையுமாக ஒரு ஆள் எந்நேரமும் இருந்தார். கம்பனியின் பங்குதாரர் எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு முகம். லாபம் ஏறினால் சிரிக்கும், இறங்கினால் சிவக்கும். விளையாட்டில் ஒரு வருசம் முடிய ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும். அடுத்த வருசம் எவ்வளவு லாபம் காட்டுவோம் என்று அங்கே நாங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த வாக்கில் குறைந்தால் அவர் எழும்பி மேசையில் குத்துவார். எங்கள் தலைவர் பதவி பறிபோகும். திரை கறுத்துவிடும், பிறகு முதலில் இருந்து.

நீ அவருக்கு முதல் நாளே கோட்டு மாமா என்று பெயர் வைத்துவிட்டாய்.

அந்த வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர் இருந்தது. சரக்கு இல்லை, பயணிகள் மட்டும். விளையாட்டைச் செய்தவர்கள் அதற்கு வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். நீ அதை அழித்துவிட்டு 'மூதூர்' என்று அடித்தாய். இருந்ததற்குள் சின்னப் படகாகப் பார்த்து அந்தப் பாதையில் விட்டாய். அது ஓடிய நாளில் இருந்து நட்டம். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் கோட்டு மாமா முதலில் கேட்பது அதைத்தான். நட்டத்தில் ஓடும் பாதையை மூடிவிடுங்கள் என்று எழுத்து வரும். மூடினால் அவர் முகம் உடனே குளிரும் என்பது தெரிந்தும் நீ அசையவில்லை.

"மூதூர் லைன்ல ஆராவது கை வெச்சாக் கடையப் பூட்டிட்டுப் போயிருவன்" என்றாய். விளையாட்டில் கோட்டு மாமாவுக்குச் சொல்கிறாயா, பக்கத்தில் இருந்த எனக்குச் சொல்கிறாயா என்று விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

வெளியே உண்மையான மூதூர் லோஞ்ச் நினைத்த நேரம் நின்றுவிடும். நேவி இன்றைக்கு இல்லை என்றால் இல்லைதான். காத்திருக்கிற சனம் வெயிலுக்கு எங்கள் கடைக்குள் வந்து ஒதுங்கும். போன் எடுக்க வந்தவர், போனுக்குக் காசில்லாதவர், மீன் பெட்டியோடு வந்தவர் எல்லாரும் எங்கள் கதிரைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார்கள். ஒருநாள் சாக்கு மூட்டையோடு நின்ற ஒரு மூதூர்க்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் புள்ள, அந்தா போற லோஞ்சு, அதுக்கு டிக்கட் எங்க எடுக்கிற?"

கடையே சிரித்தது. நீ மட்டும் திரும்பிப் பார்த்து, "ஏறுங்க காக்கா, காசு வேணாம். இது ஒருநாளும் நிக்காது" என்றாய். அந்தக் கடலில் மட்டும்தான் அது நிற்காமல் ஓடியது.

பதவி பறிபோய்ப் பறிபோய் எனக்கு அலுத்துவிட்டது. நீதான் விடவில்லை. ஒரு பின்னேரம் கரண்ட் நின்று, கடை புழுங்கி அவிந்துகொண்டிருந்தது. மட்டையால் விசிறிக்கொண்டிருந்த நீ, திடீரென்று விசிறுவதை நிற்பாட்டினாய்.

"அவருக்குச் சந்தோசம் வேணுமெண்டு நினைச்சதுதான் புள்ள எங்கட பிழை. அவருக்குச் சந்தோசம் வேணாம். நேத்தைய விட இன்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லயெண்டு தெரிஞ்சாப் போதும்."

"அதெப்படி?"

"ஒரு வருசம் அள்ளிக் குடுத்தம் எண்டு வையன், அடுத்த வருசம் அதுக்கு மேல கேப்பாரு. குடுக்க ஏலாது. மேசையில குத்துவாரு. அதால நல்ல வருசத்தை முழுக்கக் காட்டப்படாது. மிஞ்சினதைக் கப்பல் திருத்தப் போட்டிரணும். வாக்குக் குடுக்கக்குள்ள முகத்தைத் தொங்கப்போட்டுக் குறைச்சுச் சொல்லணும். பிறகு ஒரு சொட்டுக் கூட்டிக் குடுக்கணும். ஒரு சொட்டுத்தான்."

கரண்ட் வந்ததும் அதன்படியே செய்தாய். கோட்டு மாமா சிரிக்கவில்லை, ஆனால் சிவக்கவும் இல்லை. கூட்டத்தில் மூதூர் லைனைப் பற்றி எழுத்து வந்தது, வந்த மாதிரியே போய்விட்டது. அடுத்த வருசமும் அப்படித்தான். மனிசர் மெல்ல மெல்ல எங்களுக்குப் பழகிவிட்டார். பங்கிலாபம் ஒரு சொட்டு ஏறும்போதெல்லாம் வாயின் ஓரம் ஒரு சொட்டு மேலே போகும். மூதூர்ப் படகு அவர் மூக்குக்குக் கீழேயே போய்வந்துகொண்டிருந்தது. உன் மூளையைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். இவள் கணக்காளர் கதிரையில் இல்லை, மந்திரி கதிரையில் இருக்க வேண்டியவள் என்று நினைத்தேன்.

அதை நீ உம்மாவிடமும் பாவிக்கத் தொடங்கினாய் என்பதை நான் கண்டது பிறகு.

உம்மா வெள்ளிக்கிழமைகளில் மூதூரில் ஒரு கடையில் இருந்து எங்கள் கடைக்குப் போன் எடுப்பார். அந்த மாதம் டவுன் மோசம். ஊரடங்கு, சுற்றிவளைப்பு, தூரத்தில் செல் விழுந்து வெடிக்கிற சத்தம். பரீட்சையும் கிட்ட வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னால் அடுத்த லோஞ்சில் வா என்பார். ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் நல்லது என்றால் நம்ப மாட்டார், எதையோ ஒளிக்கிறாய் என்று அதற்கும் வா என்பார். ஆகவே நீ அவருக்கு ஒரு பல்வலியைக் கொடுத்தாய்.

நான் பக்கத்தில் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு நின்றேன். கன்னத்தில் கை வைத்து, போனிலே கூட முகத்தைக் கோணலாக்கி, "உம்மா, கடவாப் பல்லு உசிர் போகுது, டவுன்ல குழப்பமா எண்டு பாக்கவே நேரமில்ல" என்கிறாய். உனக்கோ இரும்புக் கடலையைக் கடிக்கிற பல்லு. அடுத்த வெள்ளிக்கு, வீக்கம் வற்றிவிட்டது. அதற்கடுத்த வெள்ளிக்கு, ஒரு பக்கத்தால் சோறு சாப்பிட முடிகிறது. ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது அதே வசனம். "நேத்தைய விட இன்டைக்குக் கொஞ்சம் பரவாயில்ல உம்மா." அந்தப் பக்கம் அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விடுவது என் காதுக்கும் கேட்கும். போனை வைத்துவிட்டு நீ என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

உனக்குத் தெரியாமற்போனது ஒன்றுதான். பங்கிலாபம் பார்த்து வீட்டோடு இருக்கிற ஆள் அல்ல உன் உம்மா.

சில நாள் நின்றிருந்த லோஞ்ச் அன்றைக்குத்தான் ஓடியது. மத்தியானம் கடை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டு, கையில் பன்னால் இழைத்த பன்பையோடு உம்மா. நேவியின் செக்கிங்கில் வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

"வாயத் துற" என்றார் உன்னிடம்.

"உம்மா, கடல் இரிக்கிற இரிப்புல என்னத்துக்கு இப்ப..."

"வாயத் துற மகள்."

உன்னைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, வெளிச்சத்துக்குத் திருப்பி, நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். டெலிபோன் பெட்டிக்குள் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். உம்மா ஒவ்வொரு பல்லாக விரலால் தட்டிக்கொண்டு வந்தார்.

"இதா?"

"ஓம் உம்மா."

"முந்தி மற்றப் பக்கமெண்டு சொன்னாய்."

"இல்ல, அது... அதுக்குப் பக்கத்துல."

"அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுற பல்ல நான் இப்பதான் காணுறன்."

அவர் விரலை எடுத்து முந்தானையில் துடைத்தார். பன்பைக்குள் இருந்து கராம்பு எண்ணெய்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். மூடி சரியாக இறுகாததால் கடை முழுக்க அந்த மணம். நீ கவனிக்காமல் விட்டதால் திரையில் கம்பனி சீரழிந்து, கோட்டு மாமா இரத்தச் சிவப்பாக இருந்தார். உம்மாவின் கண் அவரில் போய் நின்றது.

"இவன் ஆரு?"

"எங்கட பங்குக்காரர், உம்மா."

"என்னத்துக்கு மூஞ்சி செவந்திரிக்கி? தின்னக் குடுக்கல்லயா?"

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. நான் சிரித்ததும் நீ அழுதாய். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாய். கோட்டு மாமா, பொதுக்கூட்டம், ஒரு சொட்டு, மூதூர் லைன், பரீட்சை, பல்வலி. உம்மா நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நானும் இந்தக் கோட்டுப் போட்டவனும் ஒனக்கு ஒண்டா?"

நீ கராம்பு எண்ணெய்ப் போத்தலின் மூடியை இறுக்கத் தொடங்கினாய்.

"ஒன்ட பல்லுக்காகத் தொழுகையில இரிந்து அழுதிரிக்கன். இஞ்ச செல் விழுதாம், சனம் ஓடுதாம். நான் அங்க பல்லுக்கு அழுதிட்டு இரிக்கன். பயந்தா ரெண்டு பேரும் ஒண்டாப் பயந்திரிப்பமே மகள். ஒன்னத் தனியப் பயப்பட விட்டுட்டு நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கிட்டு இரிந்திரிக்கன்."

அவர் அழவில்லை. அந்த மனிசியின் கோபம் பொய்யில் இல்லை, உன் பயத்தில் தன்னைச் சேர்க்காததில் என்று எனக்கு விளங்க இத்தனை வருசம் எடுத்தது. அப்போது எனக்கு இருந்த யோசனை ஒன்றுதான். இவள் கதை முடிந்தது, கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். நீயும் அதைத்தான் நினைத்தாய்.

"என்னக் கூட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்று கேட்டாய். உம்மா காது கேளாதவர் மாதிரிக் கதிரையை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று பின்னேரமே லோஞ்சை நிற்பாட்டிவிட்டார்கள். உம்மா திரும்ப முடியாமல் சாச்சி வீட்டில் தங்கினார். காலையில் உன்னோடு கடைக்கு வந்து, அந்தக் கதிரையிலேயே இருப்பார். செல் சத்தம் கேட்டால் மூன்று பேரும் போட்டோகொப்பி மெசினுக்குப் பின்னால் பதுங்குவோம். ஓய்ந்ததும் அவர் முதலில் எழும்பி, "சரி, புத்தகத்தை எடு" என்று உன்னைப் படிப்பில் இருத்துவார். நீ புத்தகத்தோடு தலையாட்டிக்கொண்டிருக்க, அவர் திரையில் மூதூர்ப் படகு போய்வருவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். "இதுல ஏறி வந்திரிக்கலாம், செக்கிங்கும் இல்ல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். கோட்டு மாமாவை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. வந்து பார்க்காமல் மேலே இருந்துகொண்டு முகம் காட்டுகிறவன் என்று ஏசுவார்.

லோஞ்ச் திரும்ப ஓடிய காலை நானும் இறங்குதுறைக்கு வந்தனான். நீ சொல்லாமலே உன் பையைக் கட்டி எடுத்து வந்திருந்தாய். புத்தகங்கள் அதற்குள் இல்லை என்பதை நான் பார்த்தேன். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உம்மா முதலில் ஏறினார். லோஞ்ச்காரப் பொடியன் உன் பையை வாங்கி உள்ளே வைத்தான். உம்மா அதை எடுத்தார், அப்படியே வெளியே நீட்டி என் கையில் தந்து என்னிடம் சொன்னார்.

"இவ நிக்கட்டும் மகள். நடந்ததச் சொல்லச் சொல்லு. நல்லதோ கெட்டதோ நடந்ததச் சொல்லட்டும். பல்லு மட்டும் எனக்கு வேணாம்."

லோஞ்ச் வெளிக்கிட்டுப் போகும்வரை நீ கையாட்டிக்கொண்டு நின்றாய். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நானும் அழுதேன், கையில் பையோடு.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை போன் மாறிவிட்டது. "உம்மா, மார்க்கட்டடியில வெடிச்சிட்டு. எனக்கு ஒண்டுமில்ல. பயமாத்தான் இரிக்கி." அந்தப் பக்கம் அவர் அழுவார். அழுது முடிய, என்ன கறி என்று கேட்பார். வா என்று அவர் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. நீ விளையாட்டைத் திறந்து, அந்த வருசப் பொதுக்கூட்டத்தில் கோட்டு மாமாவுக்கு லாபமே இல்லை, மூதூர் லைன் நட்டத்தில்தான் ஓடும் என்று வாக்குக் கொடுத்தாய். மனிசர் மேசையை உடைக்காத குறை. திரை கறுத்தது. நீ சிரித்துக்கொண்டு சீடியை வெளியே எடுத்து, மார்க்கர் பேனையால் அதன் மேல் எழுதி என் கையில் தந்தாய். பரீட்சையில் சித்தியடைந்தாய், கதிரையும் கிடைத்தது, அதுவும் உன் மூதூரிலேயே.

பிறகு கலியாணம், பிள்ளைகள், உம்மாவின் மௌத்து, போர் முடிந்தது, பாலங்கள் வந்தன. நீ அங்கே, நான் இங்கே. கிழமைக்கு ஒருமுறையாவது போனில் கதைப்போம். உனக்கு வருத்தம், கிளினிக்கில் மருந்து ஏற்ற வேண்டும் என்று முதன்முதல் சொன்னபோது, மோசமான செய்தியாகவே சொன்னாய். நான் அழுதேன். அடுத்த முறை சத்தி எடுப்பது கொஞ்சம் குறைவு என்றாய். அதற்கடுத்த முறை கஞ்சி குடித்தேன் என்றாய். ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டு நான் வீட்டுக்காரரிடம் போய், அவளுக்குப் பரவாயில்லையாம் என்று சந்தோசமாகச் சொல்வேன். வரட்டுமா என்று கேட்டால், "கிளினிக் முடிஞ்சு நானே வாறன், நீ கஷ்டப்படாத" என்பாய்.

ஒருநாள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு, காதுக்கும் தோளுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு நின்றேன். நீ கொஞ்சம் களைத்த குரலில் சொன்னாய்.

"நேத்தைய விட இன்டைக்குக் கொஞ்சம் பரவாயில்ல புள்ள."

வெட்டுவது நின்றுவிட்டது. போட்டோகொப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்று அந்த வசனத்தை நான் எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறேன். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பை நிற்பாட்டினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் மருந்துக் கடையில் ஒரு சாமான் வாங்கினேன். பஸ் பாலத்துக்கு மேல் பாலமாக ஏறி இறங்கிப் போனது. லோஞ்சும் இல்லை, செக்கிங்கும் இல்லை. உன்னைப் பார்க்க வருவதற்கு ஒரு தடையும் இல்லாத காலத்தில் நீ என்னைத் தடுத்து வைத்திருந்தாய் என்று பஸ்ஸுக்குள் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

உன் வீட்டு அறைக்குள் வந்தபோது உன்னை எனக்கு அடையாளம் மட்டுக்கட்ட ஒரு கணம் எடுத்தது. அவ்வளவு வற்றியிருந்தாய். கண் மட்டும் அதே கண்.

"அறிவிப்பில்லாமப் பொதுக்கூட்டமா?" என்றாய்.

"வாயைத் திற" என்றேன். கராம்பு எண்ணெய்ப் போத்தலை எடுத்து உன் கட்டிலடி மேசையில் வைத்தேன்.

நீ சிரித்தாய். இருமல் வரும்வரை சிரித்தாய். உன் மகள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து பார்த்தாள். பிறகு சிரிப்பு அப்படியே அழுகையாகப் போனது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உம்மாவுக்கு வேணாமெண்ட பல்லு எனக்கு மட்டும் வேணுமோ? நடந்ததைச் சொல்லு."

சொன்னாய். மருந்து இனிப் பிடிக்காது என்று டொக்டர்மார் கைவிரித்துவிட்டதைச் சொன்னாய். பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை என்றாய். "பயமாத்தான் இரிக்கி" என்றாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது. உன் கை சூடாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அன்று முதல் நீ போகும்வரை எனக்கு வந்து போக ஒரு கதிரை அந்த அறையில் இருந்தது. பிள்ளைகளுக்கு நீ சொன்ன நாளில் நானும் பக்கத்தில் இருந்தேன். என் கோபத்துக்கு நடுவிலும் எனக்கு இருக்கிற ஆறுதல் அதுதான். கடைசி நாட்களில் உன் பயத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

சீடியை நான் மரத்தில் இருந்து கழற்றவில்லை. அங்கேயே தொங்கட்டும். சும்மா மேலே இருந்து முகம் காட்டுவதுதானே கோட்டு மாமாவின் வேலை. அணில் அவரைக் கணக்கெடுக்கவில்லை என்றால் அது அணிலின் கெட்டித்தனம்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் என் மகள் போன் எடுத்தாள். கண்டிப் பக்கம் கம்பசில் படிக்கிறாள், உனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக நித்திரை இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்று சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பிடுகிறேன் என்றாள். நித்திரை வருகிறது என்றாள். நேற்று என்னிடம், "பரவாயில்லை அம்மா, நேற்றைய விட இன்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை" என்றாள்.

உன் கதை அவளுக்குச் சின்ன வயதில் இருந்தே தெரியும். சோறு தீத்தும்போது நான் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை.

"எந்தப் பல்லு?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அம்மா, நீங்க ஒருக்கா வாறீங்களா?"

நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். கராம்பு எண்ணெய் வாங்கி வைத்துவிட்டேன்.